குறுக்குப் பேச்சுக்கு ஒத்திகை

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும். நானும் அப்படிப் பரிசு வாங்கி வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் எந்தப் பள்ளியில் போட்டி என்றாலும் தமிழய்யா என்னைத்தான் அனுப்புவார். பேச்சை அவரே எழுதித் தருவார். அரைப் பக்கத்துக்கு அவை வணக்கம், இரண்டு குறள், அடுக்குமொழியில் நாலு வரி, நடுவில் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகிய டெமாஸ்தனிஸ் கதை, கடைசியில் வாய்ப்பளித்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி. எங்கெங்கே கையை உயர்த்த வேண்டும் என்பதற்குச் சிவப்பு மையில் அம்புக்குறி இருக்கும். மாட்டுக்கொட்டகையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து அதை உருப்போடுவேன். மேடையில் ஏறியதும் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் ஒப்பித்துவிட்டு இறங்குவேன். டிபன் பாக்ஸ், எவர்சில்வர் தட்டு, குத்துவிளக்கு என்று வீட்டில் நிறையச் சேர்ந்தன. உன் கல்யாணச் சீரில் பாதியை நீயே பேசிச் சம்பாதித்துவிட்டாய் என்று அம்மா சொல்லுவாள்.

அந்த மேடைகளில் ஒரு பெரிய சலுகை இருந்தது. எதிரே இருக்கிற யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

1991-இல் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் கேரளத்து எர்ணாகுளம், நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வேகம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் தெருவிலேயே, வேலை முடிந்து வந்த பிறகு, ராத்திரியில் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் போன்ற பெண்களுக்கு, பொழுது சாய்ந்த பிறகும் வெளியே போய்வர ஒரு காரணம் கிடைத்தது. அதுவே எங்களுக்குச் சம்பளம் மாதிரிதான். எனக்குக் கொடுத்த வேலை, வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ப் பேசி ஆட்களைச் சேர்ப்பது. "நல்லாப் பேசும் இந்தப் பொண்ணு" என்று தமிழய்யாவே பெயர் கொடுத்திருந்தார்.

முதல் ஊரில் காளியம்மன் கோயில் திடலில் கூட்டம். ஒரு ட்யூப் லைட், அதைச் சுற்றி ஈசல். பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பகலெல்லாம் களை பறித்தவர்கள். பாதிப்பேர் வாயில் வெற்றிலை. நான் எழுந்து நின்று, "அன்பார்ந்த தாய்மார்களே, கல்வி என்பது" என்று ஆரம்பித்தேன்.

"நிப்பாட்டுத்தா. நீ யாரு மக?"

சொன்னேன்.

"எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அட, மேலத்தெரு கொத்தனாரு பேத்தியா நீ! ஒங்க அப்பத்தாவும் நானும் ஒண்ணா நாத்து நட்டவுகடி."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எங்கள் அப்பத்தாவின் கதை ஓடியது. என் அப்பத்தாவுக்கு யாரோடு சண்டை, எந்தக் கிணற்றடியில் சண்டை என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். ஒரு வழியாக அந்தப் பேச்சு ஓய்ந்து எல்லோரும் என்னைப் பார்த்தபோது, விட்ட இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. உருப்போட்ட பேச்சுக்கு ஒரே வாசல்தான். முதல் வரி வழியாக மட்டுமே உள்ளே போக முடியும். மறுபடியும் "அன்பார்ந்த தாய்மார்களே" என்றேன். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "படிச்சா கூலி கூடக் குடுப்பானா?" என்றது. தமிழய்யாவின் நோட்டில் அதற்கு அம்புக்குறி இல்லை. இன்னும் இரண்டு தடவை தாய்மார்களை அழைத்துப் பார்த்துவிட்டு, நல்ல உள்ளங்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. ஒரு அக்கா சொம்பில் தண்ணீர் நீட்டி, "புள்ளைக்கு வேர்த்து ஊத்துது பாரு" என்றாள். கேலி செய்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அறிவொளியில் கலைஜாதா என்று ஒன்று உண்டு. இளவட்டங்கள் குழுவாகச் சேர்ந்து பாட்டும் குறுநாடகமுமாகக் கிராமம் கிராமமாகப் போவார்கள். அதற்கான பயிற்சி முகாம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தபோது, என்னைப் போலப் பேசத் திணறியவர்களையும் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். அங்கேதான் பபூன் தாத்தாவைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்பெஷல் நாடகத்தை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் திருவிழாவில் ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த பாட்டும் வசனமும் அதற்கு அஸ்திவாரம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறொரு திசையிலிருந்து. தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, அன்று ராத்திரி கொட்டகையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். எல்லோரும் கூடி ஒத்திகை பார்ப்பது என்கிற வழக்கமே அந்தத் தொழிலில் கிடையாது. கதை தொடங்கும் முன்னால் மேடைக்கு வருகிறவர் பபூன். கூட்டம் அப்போதுதான் பாயை விரித்துக்கொண்டிருக்கும். கடலை விற்கிறவன் கத்துவான், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் அழும், குடித்துவிட்டு வந்தவன் மேடைக்கு அருகில் நின்று கொண்டு தனக்குத் தெரிந்த பாட்டைக் கேட்பான். அத்தனை பேரையும் ஒற்றை ஆளாக வசப்படுத்த வேண்டும். தாத்தா வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர். பல்லெல்லாம் போயிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஒத்திகையே பாக்காத ஆளை ஒத்திகைக்குக் கூட்டியாந்திருக்கீகளே" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். என்னைப் பேசிக்காட்டச் சொன்னார். நான் கடிகாரம் இருந்த சுவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒப்பித்தேன். நடுவில் பலமாக ஏப்பம் விட்டார். நின்றுவிட்டேன்.

"ஒரு ஏப்பத்துக்கு நிக்கிற பேச்சை வச்சுக்கிட்டு என்னத்தா பண்ணுவ?" என்றார். "பேச்சை ஒத்திகை பாக்காத. அது கெடக்கு. குறுக்க விழுகுறதை ஒத்திகை பாரு."

நான் பேச்சுக்கலையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கேட்டிருக்கிறேன், படித்திருக்கிறேன். கண்ணாடி முன் நின்று பேசு, கூட்டத்தைத் தோட்டத்துக் காய்கறியாக நினைத்துக்கொள், தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள். இவற்றில் எதுவும் எனக்கு உதவவில்லை. கண்ணாடி முன் நின்றால் மூக்குத்தி சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கத் தோன்றும். கண்ணாடி குறுக்கே பேசாது.

தாத்தாவின் முறை எளிமையானது, ஆனால் ஈவு இரக்கம் இல்லாதது. முதலில் என் பேச்சை ஒரே வாக்கியமாகச் சுருக்கச் சொன்னார். "ராத்திரி ஏழரை மணிக்கு வேப்பமரத்தடியில வகுப்பு, சிலேட்டும் புத்தகமும் நாங்க தர்றோம், வாங்க." அவ்வளவுதான். மிச்சமெல்லாம் போனால் போகட்டும், இது ஒன்று அவர்கள் காதில் விழ வேண்டும். யார் எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் கூடவே போ, பதில் சொல், அங்கேயிருந்து இந்த வாக்கியத்துக்கு ஒரு பாதை கண்டுபிடித்துத் திரும்பி வா. அப்பத்தாவின் சண்டையிலிருந்து வேப்பமரத்தடிக்கு எப்படி வருவாய்? அதுதான் பயிற்சி.

பிறகு முகாமில் இருந்த மற்றவர்களை எல்லாம் ஊர்க்காரர்களாக மாற்றினார். ஒருத்தர் பேச, மற்றவர்கள் குலைக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் வெட்கப்பட்டு மெதுவாகக் குலைத்தார்கள். தாத்தாவுக்குக் கோபம் வந்தது. தானே இறங்கிக் காட்டினார். தள்ளாடிக்கொண்டே வந்து என் முன்னால் நின்று, என் முகத்தையே உற்றுப் பார்த்து, "ஏய், நீ அந்த டிராமாவுல வள்ளியா வந்த புள்ளைதான?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "இல்லேங்காத. ஆமான்னு சொல்லிப் பாரு, என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று குடிகாரனாக இருந்தபடியே சொல்லிக்கொடுத்தார். "ஆமாய்யா, வள்ளிக்கும் படிப்பு இல்ல, அதான் கெழவனா வந்த ஆளை நம்பிட்டா. ஏழரை மணிக்கு வேப்பமரத்தடிக்கு வாங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. முகாமே சிரித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிரே இருப்பவர்களின் முகம் மாறுவதை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன். கடிகாரத்தில் அந்த மாதிரி எதுவும் மாறாது.

நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். ராத்திரி ஊர்களிலிருந்து திரும்பியதும் அன்றைக்கு யார் யார் என்ன சொல்லிக் குறுக்கே வந்தார்கள் என்று எழுதுவோம். நீ யாரு மக. எந்தக் கட்சி. இந்த வயசுல படிச்சு நாங்க கலெக்டராவா போகப்போறோம். எழுத்து கண்ணுக்குத் தெரியாதே. விளக்குக்கு மண்ணெண்ணெய் யாரு ஊத்துவா. என் வீட்டுக்காரரு விட மாட்டாரு. ரேசன் கார்டு வாங்கித் தருவியா. இவற்றோடு பேச்சில் சேராதவையும் எழுதினோம்: ஆடு வந்து நோட்டீஸைத் தின்றது, பின்வரிசையில் ரெண்டு பேர் கைகலந்தது, கரண்ட் போனது. மறுநாள் இவை எல்லாம் ஒத்திகைக்கு வரும். கரண்ட் போவதற்கு அரிக்கேனை ஊதி அணைத்துவிடுவார்கள். இருட்டில் ஒரு குரலாக மட்டும் நின்று பேச்சைத் தொடர வேண்டும். அதை நான் விரும்பிச் செய்வேன். இருட்டில் நான் நன்றாகவே பேசினேன்.

பதில்களை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தாத்தா விடவில்லை. பதிலை எழுதினால் அதையும் உருப்போட்டுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். வள்ளி திருமணத்தில் வள்ளியும் நாரதரும் மேடையில் தர்க்கம் செய்வார்களே, அதில் எதிராளி எதைக் கேட்பான் என்று இருவருக்குமே தெரியாது; ஆனால் எதைக் கேட்டாலும் தடுமாறக் கூடாது. பஸ்ஸில் ஊருக்குப் போகும்போதே, இன்றைக்கு நாரதர் வேஷம் போடுகிறவன் என்னென்ன கேட்பான் என்று கேள்விகளை மட்டும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வருவாளாம் ஒரு பெயர்பெற்ற ஸ்திரீபார்ட். "அவளும் ஒத்திகை பாக்காதவதான்" என்று கண்ணடித்தார்.

பயத்தைப் பற்றிக் கேட்டேன். அது போகாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். கடைசி நாடகம் வரைக்கும் மேடைக்குப் போகும் முன்னால் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்காமல் போனதில்லையாம். வாய் உலர்ந்தால் மிளகும் பனங்கற்கண்டும் ஒதுக்கிக்கொள், கை நடுங்கினால் முந்தானையைப் பிடித்துக்கொள், ஆனால் நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்காதே. இவ்வளவுதான் பயத்துக்கு அவர் ஒதுக்கிய நேரம். மிச்ச நேரமெல்லாம் ஏப்பத்துக்கும் குடிகாரனுக்கும்தான்.

டெமாஸ்தனிஸ் கதை தமிழய்யாவின் நோட்டில் கூழாங்கல்லோடு முடிந்துவிடும். புளூட்டார்க் எழுதிய வரலாற்றை நான் ரொம்பப் பிறகு படித்தேன். அதில் கூழாங்கல்லைவிட எனக்குப் பிடித்தது வேறோர் ஆள். பேசித் தோற்று, முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த டெமாஸ்தனிஸின் பின்னாலேயே சாட்டிரஸ் என்கிற நடிகன் போகிறான். ஒரு நாடகப் பகுதியைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அதையே தான் சொல்லிக்காட்டுகிறான். அதே சொற்கள், ஆனால் முற்றிலும் வேறாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நிலவறை, பாதித் தலையை மழித்துக்கொண்டு மாதக்கணக்கில் வெளியே போகாமல் பழகியது, கூழாங்கல் எல்லாம். நம் பள்ளிகளில் கல்லைச் சொல்லுகிறார்கள், கூத்தாடியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

அறிவொளி நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சைக்கிளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களை நிறைத்தார்கள்; நானும் போனேன், தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினேன். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி ஊருக்கெல்லாம் தெரியும். ஆகவே மேலே போகிறேன்.

1996 அக்டோபரில் பத்து வருஷத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். அவற்றில் தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் திடீரென்று ஆயிரமாயிரம் பெண்கள். நான் அப்போது அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முதல் பயிற்சியில் வக்கீல் ஒருவர் வந்து 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்தைப் பிரிவு பிரிவாக விளக்கினார். நல்ல மனிதர். பெண்கள் மரியாதையாகத் தூங்கினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் அவர்களுடைய கணவர்கள் வண்டிகளில் சாய்ந்துகொண்டு அரசியல் பேசினார்கள். தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னபோது பல பேர் எழுந்து நின்று கணவர் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி, "மெம்பரு வெளிய நிக்கிறாரு" என்றாள்.

தக்காளி சாதம் சாப்பிட்ட பிறகு, தூங்காமல் இருப்பதற்காகவாவது ஒரு கிராம சபையை நடத்திப் பார்ப்போமே என்றேன். அப்போதெல்லாம் கிராம சபை வருஷத்துக்கு நாலு நாள் கூடியது: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள். ஊரில் ஓட்டு உள்ள யாரும் வந்து கேள்வி கேட்கலாம். காகிதத்தில் அதைவிடப் பெரிய மேடை நம் நாட்டில் இல்லை. யார் தலைவராக இருக்கிறீர்கள் என்றேன். ஒருத்தரும் எழவில்லை, தலைவர்களாகவே வந்திருந்தவர்களும் எழவில்லை. சரி, யார் பஞ்சாயத்து கிளார்க் என்றேன். ஏழெட்டுக் கை ஒரே நேரத்தில் எழுந்தது.

அன்று மத்தியானம் நான் பார்த்த நடிப்பை எந்த நாடகத்திலும் பார்த்ததில்லை. வாயே திறக்காத ஒரு மெம்பர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே "என்னம்மா வேணும்? அதெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம். ஒங்க வீட்டுக்காரரை அனுப்புங்க" என்றாள். இன்னொருத்தி காண்ட்ராக்டராக வந்து பொய்க்கணக்கு ஒப்பித்தாள். ஒருத்தி பிடிஓவாக ஜீப்பிலிருந்து இறங்கியதிலேயே அறை அதிர்ந்தது. தங்களை வாயடைத்தவர்களின் வசனம் முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. பதில் வசனத்தைத்தான் யாரும் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. எனக்குப் பபூன் தாத்தாவின் நோட்டு ஞாபகம் வந்தது. மறுநாளே புதிதாக ஒன்று போட்டோம்.

ஒத்திகை பேச்சிலிருந்து தொடங்கவில்லை. அதற்கும் முன்னாலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. கிராம சபையில் பெண்கள் தரையில், ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து எழுந்து நிற்பதுதான் மலை. எழுந்துவிட்டால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. ஆகவே எழுவதை மட்டும் பழகினோம். சேலையைச் சரிசெய்துகொண்டு பாதியில் உட்கார்ந்துவிடாமல், பக்கத்தில் இருப்பவள் தோளைப் பிடிக்காமல், பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பது. தலைவர்களுக்கு நாற்காலி. பல பேர் நாற்காலியின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக உட்காருவார்கள். முதுகு சாய்ந்து, கையை இரண்டு பக்கமும் வைத்து உட்காருவதற்கு ஒரு முழு மத்தியானம் ஆனது. தன் ஊரில் தன் தெருக்காரர்கள் யாருமே இதுவரை நாற்காலியில் உட்காராத அலுவலகத்துக்குத் தலைவியாகிப் போன ஒரு பெண், பயிற்சிக் கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதனால் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் மைக். மைக்செட்காரர் ஒருவரைக் காசு கொடுத்து வரவழைத்தோம். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து தன் குரல் வேறு யாருடையதோ போல் திரும்பி வருவதைக் கேட்டதும் எல்லோரும் பின்வாங்குவார்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடம், அது கத்தினால் நீ நிறுத்தாதே, தள்ளி நின்று பேசு. மதியத்துக்குள் ஆளுக்கு ஒரு தாலாட்டு பாடி மைக்செட்காரரை வேலைக்கு ஆகாதவராக்கிவிட்டார்கள்.

அஞ்சல் வழியில் உளவியல் படித்தபோது, ராபர்ட் சயான்ஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1965-இல் எழுதிய கட்டுரை ஒன்று பாடத்தில் வந்தது. பிறர் பார்த்துக்கொண்டிருந்தால், நமக்கு நன்றாகப் பழகிப்போன காரியம் இன்னும் நன்றாக வரும். பழகாத காரியம் இன்னும் மோசமாகும். அதாவது கூட்டம் நமக்கு எதையும் புதிதாகத் தருவதில்லை. உள்ளே ஊறியிருப்பது எதுவோ அதைத்தான் வெளியே தள்ளுகிறது. ஊறியிருப்பது வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் என்றால், கூட்டத்தைப் பார்த்ததும் வாய் இன்னும் இறுக மூடும். 1969-இல் அவரும் கூட்டாளிகளும் இதைக் கரப்பான்பூச்சிகளை வைத்துச் சோதித்தார்கள். வேறு கரப்பான்கள் வேடிக்கை பார்த்தபோது, நேர்ப்பாதையில் அவை வேகமாக ஓடின. திருப்பம் உள்ள பாதையில் வழக்கத்தைவிடத் தாமதமாயின. இதை மெம்பர்களிடம் சொன்னேன். "கரப்பாம்பூச்சிக்கும் கூச்சமா!" என்று ஒருத்தி அதிசயப்பட்டாள். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு வேறொன்று தெளிவானது: ஒத்திகையை எங்கே நிறுத்துவது. பயம் போனதும் நிறுத்தலாம் என்றிருந்தால் நிறுத்தவே முடியாது. சலிப்பு வரும்வரை செய்ய வேண்டும். "எத்தனை வாட்டிதான் இதையே சொல்றது" என்று அலுத்துக்கொள்ளும் நாளில் அவளை மேடைக்கு அனுப்பலாம். அலுப்பும் பயமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் தங்கி நான் பார்த்ததில்லை.

அப்படி அலுத்துக்கொண்டவர்களில் ஒரு குவாரி அக்கா. கல் உடைத்துப் பிழைத்தவர். அறிவொளி வகுப்பில், எங்கள் வேப்பமரத்தடிகளில் ஒன்றில், எழுத்துக்கூட்டப் படித்தவர். இப்போது வார்டு மெம்பர். அவர் தெருவில் அடிபம்பு கைப்பிடி ஒடிந்து மாதக்கணக்காக நின்றது. பெண்கள் அடுத்த தெருவுக்குப் போய்ப் பேச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுத்தார்கள். அதை அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக்க வேண்டும்.

நாங்கள் விட்டுவைக்கவில்லை. நிதி இல்லை என்றோம். அந்தப் பம்பு ஒன்றியத்துக் கணக்கு, எங்கள் கணக்கில் வராது என்றோம். உன் வீட்டுக்காரரை வரச்சொல் என்றோம். நேரமாச்சு, அடுத்த பொருள் என்றோம். ஒருத்தி சினிமாப் பாட்டை முணுமுணுத்தாள், ஒருத்தி கூட்டத்தை விட்டு எழுந்து போனாள், ஒருத்தி "கல்லு ஒடைக்கிறவளுக்குப் பேச்சைப் பாரு" என்றாள். அதைச் சொன்னவளும் கல் உடைக்கிறவள்தான். சொல்லிவிட்டுக் கண் கலங்கினாள். குவாரி அக்கா கலங்கவில்லை. அவருடைய வாக்கியம் ஒன்றுதான்: "பம்பு ரிப்பேருக்குத் தீர்மானம் போடுங்க." எந்தச் சந்துக்குள் தள்ளினாலும் அங்கிருந்து பம்புக்கு வந்து சேர்ந்தார். கடைசியில், "போதும்டி, எனக்கு அடுப்பு வேலை கெடக்கு" என்று கிளம்பிவிட்டார். சரியான பதம் என்று நினைத்தேன்.

கிராம சபை பள்ளிக்கூட வளாகத்தில் கூடியது. நான் பின்னால் சுவரோரம் நின்றேன். வரவு செலவு வாசித்தார்கள், யாரோ ரோட்டைப் பற்றிக் கத்தினார்கள், அடங்கியது. குவாரி அக்கா எழுந்தார். யார் தோளையும் பிடிக்கவில்லை. மைக் அவர் பக்கம் வரவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. "எங்க தெரு அடிபம்பு ஒடிஞ்சு கெடக்கு. ரிப்பேருக்குத் தீர்மானம் போடுங்க" என்றார். பின்வரிசை வரைக்கும் கேட்டது.

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். கையைக் கூப்பினார். "சரிங்கம்மா. எழுதிக்கிறேன். போட்டுறலாம்" என்றார் புன்சிரிப்போடு. "அடுத்து?"

எனக்கு அடிவயிறு கலங்கியது. எங்கள் நோட்டில் இது இல்லை. சண்டைக்கும் சாக்குக்கும் கேலிக்கும் பழக்கியிருந்தோம். இவ்வளவு மரியாதையான ஒரு சம்மதத்துக்கு யாரும் பழக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர், "அதான் சரின்னுட்டாருல்ல, ஒக்காருத்தா" என்றார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே கொஞ்ச நேரம் கிளார்க்கையே பார்த்தார்.

"எழுதிட்டீகளா?"

"எழுதிருவேன்மா."

"எழுதுனா வாசிங்க, கேப்போம்."

"கூட்டம் முடியட்டும்மா, எல்லாத்தையும் சேத்து..."

அக்கா உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து மேசைக்குப் போனார். தீர்மான நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். மொத்தக் கூட்டமும் அந்த விரலையே பார்த்தது. நேரம் எடுத்தது, ஆனால் அவர் அவசரப்படவில்லை. "இதுல தெருவிளக்கு இருக்கு, கழிவுநீரு இருக்கு. பம்பு இல்லையே" என்றார். கிளார்க் பேனாவின் மூடியைக் கழற்றினார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். "ஒடஞ்சிருக்கும்" இல்லை, "ஒடஞ்சிருக்கு" என்று ஓரிடத்தில் அடித்துத் திருத்த வைத்தார். தலைவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி, "கையெழுத்துப் போட நான் ரெடி" என்றார்.

கூட்டம் கலைந்து வெளியே வந்ததும் நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என் மேல் கோபம்.

"இத்தனை நாளு கூட்டி வச்சு, அந்தாளு மல்லுக்கு நிப்பான் மல்லுக்கு நிப்பான்னீக. அவன் சரின்னுல்ல சொல்லிட்டான்! அதுக்கு என்ன பேசுறதுன்னு ஒருத்தியும் சொல்லித் தரலையே. அந்த நோட்டை எடு. 'சரிங்கம்மா'ன்னு எழுது. எல்லாத்துக்கும் மேல எழுது."